ஃபேன் பேப்பர்

என்னுடைய எச்-இன்டெக்ஸ் ஒன்பது. இதை எங்கள் தெருவில் சொன்னால் ரத்தச்சோகை என்று நினைத்து யாராவது ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் கீரை தரமாட்டார்கள். பார்வையிலேயே பரிதாபப்பட்டுவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் கட்டுரை எழுதி வெளியிடுகிறோம். அதை மற்ற ஆராய்ச்சியாளர்கள் படித்துவிட்டுத் தங்கள் கட்டுரையில் நம் பெயரைக் குறிப்பிட்டால் அது ஒரு சைட்டேஷன். நாம் எழுதியவற்றில் ஒன்பது கட்டுரைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒன்பது சைட்டேஷன் இருந்தால் நம் எண் ஒன்பது. வாழையின் மூலக்கூறு உயிரியலில் ஒரு பணிக்காலம் முழுவதையும் கழித்த எனக்கு இந்த உலகம் போட்ட மதிப்பெண் இது.

இதை எனக்குக் கணக்குப் போட்டுச் சொன்னவள் நிவேதா. நான் வேலை பார்த்த துறையில் இப்போது உதவிப் பேராசிரியராக இருக்கிறாள். ஏதோ தரமதிப்பீட்டுக் குழு வருகிறதாம், ஓய்வுபெற்றவர்களின் கட்டுரை விவரமும் வேண்டுமாம். சிங்காநல்லூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, ஸ்கேன் ரிப்போர்ட் பார்க்கும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு இடத்தில் நின்றாள்.

“மேடம், மத்ததெல்லாம் ஆறு, எட்டு, பதினொண்ணுன்னு இருக்குது. இந்த மூணு பக்கப் பேப்பர் மட்டும் எப்படிங்க நூத்துக்கணக்குல போகுது?”

“அது ஃபேன் பேப்பர்ம்மா.”

“ஃபேன்னா? உங்க ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் சேந்து சைட் பண்ணாங்களா?”

“இல்ல. சீலிங் ஃபேன்.”

கதையைச் சொன்னேன். காபி ஆறிப்போனது. “எழுதி வைங்க மேடம், புதுசா வர்ற ரிசர்ச் பசங்களுக்குக் குடுக்கலாம்” என்றாள். அவர்களுக்கு இதனால் என்ன பயன் என்று தெரியவில்லை. எச்-இன்டெக்ஸை உயர்த்துவது எப்படி என்று என்னிடம் கேட்பது, நீச்சல் கற்றுக்கொள்ளக் கிணற்றில் விழுந்தவளிடம் போவது மாதிரி.

படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். ஹாஸ்டல், ஹாஸ்டல், மறுபடியும் ஹாஸ்டல். நடுவில் தாவரவியலில் ஒரு பட்டம், அதன்மேல் இன்னொன்று, ஒரு முனைவர் பட்டம். எல்லா ஹாஸ்டலிலும் சாம்பார் ஒரே மாதிரி இருந்தது. முடித்து வெளியே வந்தபோது கோயம்புத்தூரில் வேலுச்சாமி சாரின் துறையில் வேலை கிடைத்தது.

வேலுச்சாமி சாரைப் பற்றிச் சுருக்க முடியாது. மெலிந்த மனிதர், எப்போதும் அரைக்கைச் சட்டை. மனிதர்களிடம் மட்டுமல்ல, இயந்திரங்களிடமும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். சென்ட்ரிஃபியூஜ் சுற்றாமல் நின்றால் அதன் மூடியைத் தட்டி, “என்னுங்க, இன்னைக்கு முடியாதுங்களா?” என்று கேட்பார். அந்த மரியாதை கட்டுரையைத் திருத்தும்போது மட்டும் காணாமல் போய்விடும். நான் எழுதிய முதல் கட்டுரையில் ‘மிக முக்கியமான’, ‘முதன்முறையாக’, ‘குறிப்பிடத்தக்க’ என்று எங்கெல்லாம் எழுதியிருந்தேனோ அங்கெல்லாம் சிவப்புக் கோடு. ஒரு பக்கம் முழுவதும் போய், மீதி இருந்தது வாழையும் அளவுகளும் மட்டும்.

“முக்கியம்னு நீங்க சொல்லாதீங்க அம்மணி. படிக்கறவன் சொல்லட்டும்.”

படிக்கிறவன் சொல்லவேயில்லை. அந்தக் கட்டுரைக்கு இன்றுவரை நாலு சைட்டேஷன். அதில் மூன்று நானே போட்டது.

அப்போதுதான் எங்கள் துறைக்கு பி.சி.ஆர். இயந்திரம் வந்திருந்தது. இலையில் ஒளிந்திருக்கும் கிருமியின் டி.என்.ஏ. துணுக்கைக் கோடிக்கணக்கில் நகலெடுத்துக் கண்ணுக்குக் காட்டும் கருவி. வாழைக்கு முடிக்கொத்து என்று ஒரு வைரஸ் நோய் உண்டு. இலைகள் விரியாமல் குருத்திலேயே கொத்தாக நின்றுபோகும். மரம் குலை தள்ளாது. மருந்து கிடையாது, பரவாமல் இருக்க மரத்தை வேரோடு சாய்த்துவிட வேண்டியதுதான். நோய் வெளியே தெரிவதற்கு முன்பே, நடுகிற கன்றிலேயே அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி.

கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து, பார்வைக்கு நன்றாக இருக்கும் கன்றுகளாகக் கொண்டுவந்தோம். வேலை இப்படி நடக்கும். இலையின் நடுநரம்பைத் துண்டுகளாக நறுக்கி, கல்லுரலில் திரவ நைட்ரஜனை ஊற்றி அரைக்க வேண்டும். பச்சை மாவு மாதிரி வரும். வாழையின் பிசின் எதையும் சுத்தமாகப் பிரியவிடாது. குளோரோஃபார்ம் சேர்த்து, சுற்றி, மேலே நிற்கும் தெளிவை மட்டும் நடுங்காமல் உறிஞ்சியெடுத்து, குளிர்ந்த ஆல்கஹாலை விட்டால் டி.என்.ஏ. வெள்ளை நூலாகத் திரண்டு வரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நூல் எனக்கு அலுத்ததில்லை. அதைத் துளியெடுத்து ரசாயனக் கலவையில் சேர்த்து இயந்திரத்தில் வைத்தால், மூன்று மணி நேரம் சூடும் குளிருமாக ஓடும். பிறகு ஜெல்லில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சி, புற ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். வைரஸ் இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு, பேண்டு என்போம். இல்லையென்றால் இருட்டு.

ஒவ்வொரு முறையும் கன்றுகளின் டியூப்களோடு வெறும் தண்ணீர் விட்ட டியூப் ஒன்றையும் சேர்த்து ஓட்டுவோம். அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் மற்ற எதையும் நம்பக்கூடாது.

எங்களுக்கு வந்த முடிவு திடுக்கிட வைப்பதாக இருந்தது. ஆரோக்கியமாகத் தெரிந்த கன்றுகளில் பெரும்பாலானவற்றில் வைரஸ். அப்படியானால் வட்டாரம் முழுக்க நோயைத்தான் நட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் வரவிருந்தது. அந்தப் பத்திரிகையின் பெயருக்கே நாற்காலி கிடைக்கும் என்று சக பேராசிரியர்கள் சொன்னார்கள். நான் மனதுக்குள் அந்த நாற்காலிக்கு ஒரு துண்டு விரித்தும் ஆயிற்று. சார் துறைக் கருத்தரங்கில் இந்த முடிவைச் சொன்னபோது வேளாண் அலுவலர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். ‘இன்னும் அச்சாகவில்லை’ என்று சார் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. செய்தி எங்களுக்கு முன்பே பஸ் பிடித்துக் கோபிக்குப் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான், கூடுதலாக இருக்கட்டுமே என்று இன்னும் கொஞ்சம் கன்றுகளை ஓட்டினேன். விளக்கைப் போட்டேன். வரிசையாக அழகான பேண்டுகள். கடைசியில் தண்ணீர். அதிலும் மங்கலாக, பென்சிலால் இழுத்து அழித்த மாதிரி ஒரு கோடு.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். விளக்கின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கோடு போகவில்லை. போட்டோவை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். ‘இதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்று அவர் சொல்லிவிடுவார் என்கிற நம்பிக்கை வழியெல்லாம் கூடவே வந்தது.

சார் லென்ஸை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, தண்ணிக்கு ஏதுங்க முடிக்கொத்து?”

பழைய போட்டோக்களை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். எனக்கு வெறும் கண்ணில் தெரியாத நிழல், இரண்டு போட்டோக்களில் தண்ணீர் இருந்த இடத்தில் அவர் லென்ஸில் தெரிந்தது.

“பேப்பரத் திருப்பி வாங்கிப்போடலாமுங்க.”

“சார், அக்செப்ட் ஆயிடுச்சுங்க. இன்டர்வியூ வருதுங்க.”

“தெரியுமுங்க.” அவருக்கும் அது கஷ்டமாக இருந்தது என்பது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடியதில் தெரிந்தது. “ஆனா அது அச்சாச்சுன்னா கோபில மரம் சாயுமுங்க. நம்ம ஊட்டு மரமுங்களா அது?”

அன்றைக்கே ஃபேக்ஸ் போயிற்று. மறுநாள் காலை நாங்கள் இருவரும் கோபிக்குப் பஸ் ஏறினோம். ‘நீங்க வரவேண்டாங்க சார், நான் சொல்லிக்கறேன்’ என்றதற்கு, ‘சொன்னது ரெண்டு பேருமுங்க’ என்றார்.

எங்களுக்கு அதிகமாகக் கன்று கொடுத்தவர் நாச்சிமுத்து. அவருடைய தோட்டத்தின் வரப்பில் ஏறியபோதே தெரிந்துவிட்டது. ஓரமாக ஒரு வரிசை வாழை குலையும் பூவுமாக வேரோடு சாய்ந்து கிடந்தது. இரண்டாவது வரிசையில் ஆட்கள் கடப்பாரையோடு நின்றிருந்தார்கள்.

சார் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பிலேயே நின்று கையைக் கூப்பினார். “தப்பாப் போச்சுங்க. எங்க சோதனைலதான் கோளாறு. உங்க மரத்துல நோவு இருக்குதுன்னு எங்களால இப்ப சொல்ல முடியாதுங்க. நிறுத்திப்போடச் சொல்லுங்க.”

நாச்சிமுத்து கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்கம்மணி, போன வாரம் நோவுன்னீங்க. இந்த வாரம் இல்லீங்கறீங்க. அடுத்த வாரம் என்ன சொல்லப்போறீங்கன்னு இப்பவே சொல்லிப்போட்டுப் போயிருங்க. நான் ஆள நிறுத்தறதா, அனுப்பறதான்னு பாத்துக்கறேன்.”

“அடுத்த வாரமும் தெரியாதுன்னுதாங்க சொல்லுவோம்” என்றேன். எப்படி வந்ததென்று தெரியவில்லை, உண்மை வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டார். ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். கடப்பாரைகள் தரையில் சாய்ந்தன. கிளம்பும்போது, சாய்ந்த மரத்திலிருந்து ஒரு தாரை வெட்டி என்னிடம் நீட்டினார். “உங்களால உழுந்ததுதானுங்க. நீங்களே கொண்டுபோய்த் தின்னுங்க.” திரும்பும் பஸ்ஸில் வாழைத்தாரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காய் முற்றவில்லை. பழுக்கவே பழுக்காமல் கறுத்துப்போனது.

நேர்காணலில், குழுவில் இருந்த ஒருவர் என் விண்ணப்பத்தைப் புரட்டினார். “இந்த வெளிநாட்டுப் பேப்பர் ‘அக்செப்டட்’னு இருக்கே, எங்கம்மா?”

“திருப்பி வாங்கிட்டோம் சார்.”

“ஏன்?”

“தண்ணியில பேண்டு வந்துருச்சுங்க சார்.”

அவர்கள் சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த முந்திரித் தட்டு ஆடியது. அந்த நாற்காலி என்னைவிட இளையவரான இன்னொருவருக்குப் போனது. அவருடைய பட்டியல் நீளம், அதில் தண்ணீரே இல்லை. நான் விரித்த துண்டை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குத் திரும்பினேன்.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் ஒரே வேலை. தண்ணீருக்கு வைரஸ் எங்கிருந்து வருகிறது? தண்ணீரை மாற்றினோம். ரசாயனங்களை மாற்றினோம். பிப்பெட்டுகளைப் பிரித்துக் கழுவினோம். ஐஸைச் சந்தேகப்பட்டோம். ஆய்வக உதவியாளர் மாரிமுத்து என்னைச் சந்தேகப்பட்டார், நான் அவரைச் சந்தேகப்பட்டேன். கோடு சில நாள் வரும், சில நாள் வராது. ஆடி மாதம் காற்று அடித்தபோது மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. மின்சாரம் போய் இயந்திரத்தைப் பாதியில் நிறுத்திய நாட்களை விட்டுவிட்டு மற்றதை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வெயில் தணிந்திருந்த நாட்களில் தண்ணீர் சுத்தமாக இருந்தது. புழுக்கமான நாட்களில்தான் கோடு.

புழுக்கமான நாட்களில் ஃபேன் போடுவோம்.

எங்களுக்கு இருந்தது ஒரே அறை. நகலெடுத்து முடித்த டியூப்பைத் திறந்தால், கோடிக்கணக்கான நகல்களில் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாத துளியாகக் காற்றில் எழும்பும். மேலே ஃபேன். அது அந்தத் துளிகளை அறை முழுக்கச் சமமாகப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. மறுநாள் தயாரிக்கும் டியூப்களில் அவை விழும். இயந்திரம் நேற்றைய நகலையே இன்றைக்கும் நகலெடுக்கும். கோபியின் வைரஸ் என்று நான் உலகத்துக்குச் சொல்ல இருந்தது எங்கள் சீலிங் ஃபேனின் தாராள மனசு.

சாக்குமூட்டைகளைப் போட்டுவைத்திருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்தோம். அதில் ஃபேனும் இல்லை, ஜன்னலும் இல்லை. கலவை தயாரிப்பது அங்கே, டியூப் திறப்பது இங்கே. இங்கே டியூப் திறந்த ஆள் அன்றைக்கு ஸ்டோர் ரூமுக்குள் போகக்கூடாது. சார் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். ஒருநாள் அவரே டியூப் ஒன்றைத் திறந்துவிட்டார். அன்று முழுவதும் தன் ஸ்டூலைத் தாண்டி உள்ளே வரவில்லை. வெளியே நின்று, “அம்மணி, அந்த மூணாவது டியூப்பு மூடியிருக்குதுங்களா?” என்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளே நான் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் சுத்தமாயிற்று. கோபியின் கன்றுகளும் ஏறக்குறைய எல்லாமே சுத்தம். ஆக என் மாபெரும் ஆராய்ச்சியின் முடிவு: பார்க்க நன்றாக இருக்கும் வாழை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. இதை எந்தப் பத்திரிகை அச்சிடும்? போஸ்ட் கார்டில் எழுதி நாச்சிமுத்துவுக்கு மட்டும் அனுப்பினேன்.

“ஃபேன் விசயத்தையாச்சும் எழுதிப்போடுங்க” என்றார் சார். “நம்மள மாதிரி ஒத்த ரூம்ல ஒக்காந்திருக்கறவன் எவனாச்சும் படிப்பான்.” அரை மனதாக மூன்று பக்கம் எழுதினேன். சார் சிவப்புக் கோடு போடாத ஒரே கட்டுரை அதுதான். அனுப்புகிற படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதுவரை நான் எங்கேயும் ‘சி. எஸ்தர்’தான். “குடும்பப் பேருன்னா என்னங்க சார் போடறது?” என்றேன். “அப்பா பேருதானுங்க, போடுங்க” என்றார். போட்டேன்.

அப்பாவின் பெயர் சின்னான். வெள்ளகோவில் பக்கம் ஒரு ஊரில், அடுத்தவர் காட்டில் ஆயுள் முழுக்க உழைத்தவர். கட்டுரை ‘எஸ்தர் சின்னான்’ என்று வந்தது. மேற்கோள் காட்டுகிறவர்கள் முதல் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடுவார்கள். ஆகவே நான் ஆங்கில எழுத்து ‘ஈ’ ஆகிவிட்டேன், அப்பா முழுசாக நின்றார். ‘சின்னானும் மற்றவர்களும் கூறியபடி’ என்று எழுத ஆரம்பித்தார்கள். முதலில் தர்மபுரிக்காரர் ஒருவர். பிறகு ஒரிசா, வங்கதேசம், பிரேசில், ஆப்பிரிக்கா. உலகத்தில் ஒற்றை அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். என் வாழை ஆராய்ச்சிகள் ‘எஸ்தர்’ பெயரில் தூங்கிக்கொண்டிருக்க, சின்னான் கண்டம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியாது.

சில வருடம் கழித்து, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வாழை விஞ்ஞானி ஒருவர் எங்கள் துறையைப் பார்க்க வந்தார். உயரமான, சிரித்த முகம். வந்ததும் துறைத்தலைவரிடம் கேட்டார், “டாக்டர் சின்னானைச் சந்திக்க வேண்டும்.” அப்படி ஒருவர் இங்கே இல்லையே என்று தலைவர் விழித்தார். ஓய்வுபெற்றிருந்த வேலுச்சாமி சாரும் அன்று வந்திருந்தார். “இருக்காருங்க” என்று என்னைக் கைகாட்டினார். நான் விளக்கினேன்: டாக்டர் நான், சின்னான் என் அப்பா. வந்தவர் சிரித்துச் சிரித்து நாற்காலியில் சாய்ந்தார். பிறகு நிமிர்ந்து, “அப்பா இருக்கிறாரா? அவரைப் பார்க்கலாமா?” என்றார்.

கண்புரை ஆபரேஷனுக்காக அப்பா அப்போது சிங்காநல்லூரில் என் வீட்டில்தான் இருந்தார். துறையின் கார் போய் அழைத்துவந்தது. வெள்ளை வேட்டி, ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி. வாசலில் செருப்பை விட்டார். தலைவரின் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், பழக்கதோஷத்தில் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். வேலுச்சாமி சார் எழுந்தார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்க. உக்காருங்க. நீங்க உக்காந்தாத்தான் நாங்க உக்கார முடியுமுங்க.”

அப்பா நுனியில் உட்கார்ந்தார். வந்தவர் அவருடைய கையைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அவருடைய ஆய்வகமும் ஒரே அறை. ஒரு வருடம் முழுக்கப் பொய்யான முடிவுகளாக வந்து, ஆய்வகத்தை மூடிவிடும் நிலை. கட்டுரையைப் படித்து ஃபேனை நிறுத்தினார்களாம், அறையைப் பிரித்தார்களாம். இன்றைக்கு அங்கே விவசாயிகளுக்குச் சுத்தமான கன்று கொடுக்கிறார்களாம். சின்னானுக்கு நன்றி.

அப்பா கேட்டுவிட்டு என்னிடம், “அவிய ஊர்லயும் வாழ இருக்குதா கண்ணு?” என்றார். இருக்கிறது என்றேன். பிறகு வந்தவரைப் பார்த்துச் சொன்னார். “வேலையெல்லாம் எம்புள்ள செஞ்சதுங்க. நானு பேருதானுங்க குடுத்தேன்.”

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கண் தெளிந்ததும் ஊருக்குக் கிளம்பினார். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளகோவில் வண்டிக்குக் காத்திருந்தபோது, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“அந்தப் பேர மாத்த முடியுமா கண்ணு?”

“எதுக்குங்கப்பா? இருக்கட்டுமே. நல்லாத்தானே இருக்குது.”

“இல்ல சாமி. எம்பேர ஆயுசு பூராக் கூப்புட்டாச்சு. ‘சின்னா, தண்ணி கட்டு. சின்னா, மாட்டப் புடிச்சுக் கட்டு.’ கூப்புடறதுக்கு ஆளு பஞ்சமேயில்ல. உம்பேர ஆரு கூப்புட்டா? நீ வேர்வ சிந்துனதுக்கு உன்னையக் கூப்புடட்டும்.”

பஸ் வந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் மாற்றிவிடுகிறேன் என்று சொன்னேன்.

பத்திரிகைக்கு எழுதினேன். அச்சான பெயரை மாற்ற முடியாதாம், வேண்டுமானால் திருத்தம் வெளியிடுகிறோம் என்றார்கள். ஒரு இதழின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் வந்தது: ‘சின்னான், ஈ.’ என்பதை ‘எஸ்தர், சி.’ என்று படிக்கவும். அந்தத் திருத்தத்தை இன்றுவரை ஒருவரும் மேற்கோள் காட்டவில்லை. எல்லோரும் வழக்கம்போல் சின்னானையே காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பண்ணிப் பார்த்தேன், முடியவில்லை, உலகம் கேட்கமாட்டேன் என்கிறது என்றேன். அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது.

“செரி உடு கண்ணு” என்றார். “கூப்புட்டா நானே போய்க்கறேன்.”